இருளப்பன் வழியனுப்பின மாதிரி

எங்கள் ஊரான பீடோங்கில் யாராவது பேசக் கூடாததைப் பேசக் கூடாத இடத்தில் பேசி மாட்டிக்கொண்டால், பக்கத்தில் நிற்பவர் உடனே, "இருளப்பன் வழியனுப்பின மாதிரி ஆயிருச்சே" என்பார். சந்தையில் மீன் வாங்கும் பெண்கள் சொல்கிறார்கள். தொழிற்சாலை பஸ்ஸில் வேலைக்குப் போகும் இளவட்டங்கள் அதையும் சுருக்கி, "டேய், இருளப்பன் பண்ணிட்ட லா" என்கிறார்கள். பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சைபுல் ஒருமுறை மலாய் வாடிக்கையாளர் ஒருவரிடமே இதைச் சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் ஆறும் வரை விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தமிழில் இதற்குப் பழமொழியா இல்லை? தவளை தன் வாயால் கெடும் என்று இருக்கிறது. உளறிக் கொட்டிக் கிளறி மூடுவது இருக்கிறது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதும் இருக்கிறது. இவ்வளவு இருந்தும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இருளப்பன்தான் வேண்டியிருந்தது. தவளையாவது தன் வாயால் கெட்டது. இருளப்பன் தன் வாயால் வாழ்ந்தான். என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் அதுதான், அதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை.

என் பெயர் புவனேசன். சுங்கை லாலாங் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கெழுதுவது என் பிழைப்பு; மேடையில் பேசுவது என் உயிர். கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எதுவானாலும் ஒரு காலத்தில் ஒலிபெருக்கியை என் கையில்தான் கொடுப்பார்கள். ஒரு மலாய்ச் சொல், ஓர் ஆங்கிலச் சொல் கலக்காமல் பேசுவேன். பேச வேண்டியதை ஒரு வாரம் முன்பிருந்தே குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பேன். தண்ணீர் பில்லைப் பற்றி என் மனைவி குணசுந்தரி முணுமுணுப்பாள். கலை என்றால் செலவுதான்.

இருளப்பன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு, முதலில் லோரியில் குலை ஏற்றுகிற ஆளாக ஏறி, பிறகு ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தவன். எண்ணெய் ஆலைக்கும் தோட்டத்துக்கும் இடையே நாள் முழுக்க எஞ்சின் சத்தத்தை மீறிக் கத்திக் கத்தி அவனுக்கு அப்படி ஒரு குரல் வந்துவிட்டது. லோரியின் முன்பக்கத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு முகப்பவுடர் டப்பா இருக்கும். கல்யாணம் என்றால் ஆலையிலிருந்து நேரே மண்டபத்துக்கு வந்து, கண்ணாடியில் பார்த்துப் பவுடரை அப்பிக்கொண்டு இறங்குவான். பவுடருக்கு அடியில் செம்பனை வாடை அடிக்கும். அதோடுதான் மாப்பிள்ளையையும் கட்டிப் பிடிப்பான். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் குரலுக்காக அவனை மண்டப வாசலில் நிறுத்துவார்கள். வருகிறவர்களை "வாங்க வாங்க" என்று கூப்பிடுவதும், போகிறவர்களை "போயிட்டு வாங்க" என்று அனுப்புவதும் அவன் வேலை. மேடை எனக்கு, வாசல் அவனுக்கு. அப்படியே இருந்திருந்தால் எங்களுக்குள் ஒரு வம்பும் இல்லை.

சுப்பிரமணியம் மண்டோர் இறந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. தோட்டத்துக் கங்காணியாக ஒரு தலைமுறையையே மேய்த்த மனிதர். துக்க வீட்டில் நான் பேசினேன். என் வாழ்க்கையில் அதைவிட நன்றாகப் பேசியதில்லை. மூங்கில் கம்பும் தொப்பியுமாக அவர் ஆள் கணக்கெடுக்கும் விடிகாலைப் பெரட்டுக்கு வந்து நிற்பதை அப்படியே கண் முன்னால் கொண்டு வந்தேன். கூட்டம் தலை குனிந்து கேட்டது. மண்டோரின் மனைவி மட்டும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கணவர் போன நேரத்திலிருந்து அவர் அழவும் இல்லை, ஒரு வார்த்தை பேசவும் இல்லை என்று பெண்கள் கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். வண்டிக் கதவைச் சாத்த இருளப்பனைக் கூப்பிட்டார்கள். துக்க வீட்டில் யாரும் யாரையும் "வாங்க" என்று சொல்வதில்லை. போகும்போது சொல்லிக்கொண்டும் போவதில்லை. இது பாலுண்ணும் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஆண்டுக்கணக்காக வாசலில் நின்று பழகிய வாய் அல்லவா அது? கதவைச் சாத்தியவன், வலக்கையை உயர்த்தி, ஊரே கேட்கிற குரலில் சொன்னான்.

"போயிட்டு வாங்க மண்டோரே. அடுத்த தடவ குடும்பத்தோட வாங்க."

எனக்கு உள்ளே தேன் பாய்ந்தது. ஒழிந்தான் என்று நினைத்தேன். மண்டோரின் பிள்ளைகள் அவனை அடித்தாலும் நான் தடுக்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதற்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவர் மண்டோரின் மனைவி.

"வந்தாலும் வருவாரு இருளப்பா. வீட்ல காலு தங்காத மனுசன்" என்றார். சொல்லிச் சிரித்தவர், சிரிப்பு முடியும் முன்பே உடைந்து அழுதார். பெண்கள் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்கள். "அப்பாடா, அழுதுட்டாங்க" என்று எல்லாருக்கும் நிம்மதி.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போதே அந்தச் சொல் பிறந்துவிட்டது. மாலைக்குள் அது பீடோங்குக்குப் போனது. அந்த வாரமே சுங்கை பட்டாணிக்கும் போனது. நான் பேசியதில் ஒரு வரியைச் சொல்லுங்கள் என்று அங்கிருந்தவர்களை நான் பிறகு கேட்டுப் பார்த்திருக்கிறேன். "நல்லா பேசுனீங்க சார்" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் வராது.

அதன் பிறகு அவனை வாசலிலிருந்து மேடைக்கு ஏற்றிவிட்டார்கள். புதுமனை புகுவிழாவில், "இந்த வீட்ட விட்டு நீங்க சீக்கிரமா காலி பண்ணணும்" என்று ஆரம்பித்து, வீட்டுக்காரர் முகம் கறுத்த பிறகு, "இதவிட பெரிய வீட்டுக்குப் போவணும்" என்று முடித்தான். மறுமணம் செய்துகொண்ட ஒருவரின் விருந்தில், "மாப்பிள்ளைக்கு நம்ம மண்டபம் புதுசு இல்ல, போன தடவையும் இங்கதான்" என்றான். மணப்பெண் மாலையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். நான் அதைச் சொல்லியிருந்தால் என்னைத் தோலுரித்திருப்பார்கள். அவன் சொன்னால் கைதட்டுகிறார்கள். அவன் வேண்டுமென்றே உளறுகிறான் என்று சில காலம் சந்தேகப்பட்டேன். இல்லை, ஒவ்வொரு தடவையும் சொல்லி முடித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு திருதிருவென்று விழிப்பான். அதை நடிக்க முடியாது. நானே கண்ணாடி முன் முயன்று பார்த்தேன், எனக்கு வரவில்லை.

கல்யாணங்கள் எல்லாம் அவனிடம் போயின. எனக்கு மிஞ்சியவை துக்க வீடுகள். "கிராணி சார் பேசுனாதான் எழவு வீட்டுக்கே ஒரு மரியாத" என்று கூப்பிடுவார்கள். போவேன். கடைசியில், "அன்பு உள்ளங்களே, இறுதியாக முகம் பார்க்க விரும்புவோர் வரிசையாக முன் வரலாம்" என்று தணிந்த குரலில் சொல்வேன். அந்தக் குரலில் அந்த வரியைச் சொல்ல இந்த வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை. ஆனால் துக்க வீட்டுப் பேச்சுக்கு யார் கைதட்டுவார்கள்?

இந்த நிலையில் என் ஒரே மகள் ரூபினிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை குணாளன், கூலிம் வட்டாரத்தில் பாடாங் மேஹா பக்கத்துப் பையன். மண்டபம் சுங்கை பட்டாணியில். நான் அன்றைக்கே குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டேன். என் மகள் கல்யாணத்தில் நான்தான் அறிவிப்பாளன் என்பதில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

ரூபினிதான் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்.

"அப்பா, எம்சிக்கு இருளப்பன் அங்கிள்கிட்ட சொல்லிட்டேன்."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். "நான் செத்தா போயிட்டேன்?" என்றேன்.

"நீங்க பேசுனா எல்லாரும் அசெம்பிளில நிக்கிற மாதிரி நேரா உக்காந்துருவாங்க பா. எனக்கு எல்லாரும் சிரிக்கணும் லா."

"உன் கல்யாணம் சிரிப்பா சிரிக்கப் போகுது, பாரு."

குணசுந்தரி குறுக்கே வந்தாள். "பொண்ணுக்கு அப்பா நிக்க வேண்டிய எடம் மணவற பக்கம். மைக்கு பக்கம் இல்ல. ஒரு நாளைக்காச்சும் வாய மூடிக்கிட்டு அவ மொகத்தப் பாருங்க."

என் வீட்டில், என் சோற்றைத் தின்றுகொண்டு, என் மகள் அவனைக் கேட்கிறாள். எனக்கு வந்தது கோபம் இல்லை; கோபம் என்றால் கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். அது பச்சைப் பொறாமை. அவள் சிறுமியாக இருந்தபோது என் பேச்சைக் கேட்க முன் வரிசையில் உட்கார்ந்திருப்பாள். எப்போது எழுந்து போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் என் கட்சியைச் சொன்னேன். "சரி, எல்லாத்தையும் அவனே பேசட்டும். ஆனா பொண்ண வழியனுப்பும்போது நான்தான் பேசுவேன். இருளப்பன் வழியனுப்புனா என்ன ஆகும்னு ஊருக்கே தெரியும். பழமொழியே இருக்கு."

ரூபினி விட்டுக்கொடுத்தாள். "சரிப்பா, அது உங்களுக்கு" என்றாள். இருளப்பனின் பெயரை வைத்தே அவனை மடக்கிவிட்டேன். அந்த ஒரு சில நிமிடத்தில் அவள் என் பேச்சைக் கேட்டு, நம் அப்பாவையே முழுக்கப் பேசச் சொல்லியிருக்கலாமே என்று நினைக்க வேண்டும். எனக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

கல்யாணத்தன்று இருளப்பன் ஊதா நிறச் சட்டையில் வந்தான். பவுடர் காதுவரை போயிருந்தது. நான் மணவறைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியில் நின்றேன். கண் மட்டும் அவன் மேலேயே இருந்தது. எப்போது சறுக்குவான், எப்போது சம்பந்தி வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்று காத்திருந்தேன். அவன் மாப்பிள்ளையின் தாயார் லோகேஸ்வரி அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டபோது, "மாப்பிள்ளையோட அக்கா மேடைக்கு வரவும்" என்றான். அந்த அம்மாள் வெட்கத்தில் நடக்க முடியாமல் நடந்து வந்தார். மண்டபமே அதிர்ந்தது. என் மகள் தாலி ஏறும் முன்பே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எப்போது தாலி ஏறியது? உருமி மேளம் உச்சத்துக்குப் போனபோது திரும்பிப் பார்த்தேன், ஏறியிருந்தது.

விருந்து முடிந்தது. மண்டபத்து வாசலில் மணமக்கள் போக, பூக்கள் ஒட்டிய காடி வந்து நின்றது. ரூபினி எங்கள் காலில் விழுந்து எழுந்து காடியில் ஏறினாள். கண்ணாடியை இறக்கிவிட்டாள். மேளம் நின்றது. இருளப்பன் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினான்.

"சார், இனிமே ஒங்க ஏரியா."

வாங்கினேன். குளியலறையில் ஒரு மாதமாக ஊறிய பேச்சு நாக்கு நுனியில் நின்றது. அப்போதுதான் அன்று முழுக்கப் பார்க்காத முகத்தைப் பார்த்தேன். காடிக் கண்ணாடிச் சட்டத்துக்குள், மாலைக்கு மேலே, என் பிள்ளையின் முகம். வண்டிக் கதவு சாத்தியிருக்கிறது. பூ வாசம் அடிக்கிறது. சுற்றிலும் கூட்டம் மௌனமாக நிற்கிறது. மண்டோரின் வண்டி அருகே இருளப்பன் பேசியது போல என் வாயும் தனக்குப் பழக்கமானதைப் பிடித்துக்கொண்டது. தணிந்த, தெளிவான, இந்த வட்டாரத்தில் வேறு எவருக்கும் இல்லாத குரலில் சொன்னேன்.

"அன்பு உள்ளங்களே, இறுதியாக முகம் பார்க்க விரும்புவோர் வரிசையாக முன் வரலாம்."

லோகேஸ்வரி அம்மாளின் கை நெஞ்சுக்குப் போயிற்று. சம்பந்தி வீட்டுப் பெரியவர் ஒருவர், "என்ன பேச்சு இது, நல்ல நாளும் அதுவுமா" என்று முன்னால் வந்தார். குணசுந்தரி தலையில் கை வைத்துக்கொண்டாள். நான் ஒலிபெருக்கியைப் பிடித்தபடி மரம் போல் நின்றேன்.

அதை என் கையிலிருந்து பிடுங்கியவன் இருளப்பன்.

"மன்னிக்கணும், மன்னிக்கணும். சார் மேல தப்பு இல்ல. இன்னிக்கி அவரு என்ன பேசணும்னு எழுதிக் குடுத்தது நாந்தேன். வேற வீட்டுக்கு எழுதுனத மாத்திக் குடுத்துட்டேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. லோகேஸ்வரி அம்மாள் நெஞ்சிலிருந்து கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "இருளப்பண்ணே, உங்கள வச்சிக்கிட்டு" என்று அவரும் சிரித்தார். முன்னால் வந்த பெரியவர்கூட, "இவன்தானா, அதானே பாத்தேன்" என்று பின்வாங்கினார்.

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்" என்றான் இருளப்பன். "மொகம் பாக்க வேண்டியவங்க இப்பவும் பாத்துக்குங்க, மறுவீட்டுக்குப் புள்ள வருவா, அப்பவும் வந்து பாத்துக்குங்க. போயிட்டு வா தாயி. அடுத்த தடவ குடும்பத்தோட வா."

மண்டோருக்குச் சொன்ன அதே வரி. துக்க வீட்டில் உளறலாக இருந்தது கல்யாண வாசலில் வாழ்த்தாகிவிட்டது. நான் ஒரு மாதம் குளியலறையில் நின்று தேடியும் எனக்கு அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை.

ரூபினி மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் எழுதிக் கொடுத்ததை அவள் அப்பா பேசமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். அந்த வரி யாருடையது என்பதும் தெரியும். கண்ணாடி வழியாகக் கையை நீட்டினாள்.

"நீங்க முன்ன வாங்கப்பா. நான் ஒங்க மொகத்த பாத்துட்டுப் போறேன்."

போனேன். என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பிறகு அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், மண்டபத்துக்குள் இருளப்பனுக்குச் சிரித்ததெல்லாம் அதன் பக்கத்தில் வர முடியாது. மாலை குலுங்க, மை கரைய, "அய்யோ அப்பா, அய்யோ அப்பா" என்று சிரித்தாள். காடி நகர்ந்த பிறகும் அந்தச் சிரிப்புக் கேட்டது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். முடியவில்லை. பீடோங்கில் இப்போது புதிதாக ஒன்று புழங்குகிறது: "இருளப்பன் எழுதிக் குடுத்த மாதிரி." அதற்கும் அதே பொருள்தான். ஒரு மனிதனுக்கு ஒரு சொலவடை போதாதா? என் வாழ்நாளில் நான் சொன்னவற்றில் ஊர் நினைவில் வைத்துக்கொண்ட ஒரே வரி, காடி முன்னால் சொன்ன அதுதான். அதுவும் அவன் கணக்கில் ஏறிவிட்டது.

சைபுல் கடையில் உட்கார்ந்து, நாலு பேர் கேட்க உண்மையைச் சொன்னேன். "அன்னிக்கி யாரும் எழுதிக் குடுக்கல. அது நானா சொன்னது."

சைபுல் தேத்தண்ணீரை வைத்துவிட்டு என் தோளைத் தட்டினார். "இருளப்பனக் காப்பாத்தப் பாக்குறீங்க. உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு லா சார். நீங்களாவது, உளர்றதாவது."

கடையே ஆமாம் போட்டது. எனக்கு அந்தக் கோப்பையைத் தூக்கி அடிக்க வேண்டும் போலிருந்தது.

இருளப்பனையே பிடித்துக் கேட்டேன். ஆலை வாசலில் லோரிகள் வரிசையில் நின்றன. அவன் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். "உன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா?" என்றேன்.

"அதுக்கென்ன சார். ஒங்க பேருல அப்பிடி ஒண்ணு வந்துருச்சுன்னா, நாளைக்கி எழவு வீட்ல நீங்க பேசும்போது நாலு பேரு சிரிப்பான். அது நல்லா இருக்குமா? என் பேருல எவ்ளோ ஏத்துனாலும் தாங்கும். லோரி மாதிரி."

நான் வீட்டுக்கு வந்தேன். என்னைக் காப்பாற்றியவன் மேல் எப்படிப் பொறாமைப்படுவது என்று கேட்பீர்கள். முன்பு அவன் நாக்கைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டேன். இப்போது அவன் மனசைப் பார்த்தும் பட வேண்டியிருக்கிறது. எரிகிற நெருப்பில் எண்ணெயும் ஊற்றிவிட்டுப் போய்விட்டான்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ரூபினி இப்போது வேலை நிமித்தம் கணவனோடு பினாங்கில் இருக்கிறாள். முன்பெல்லாம் அவள் கூப்பிட்டால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுவாள். இப்போது வாட்சாப்பில் முகம் தெரியும்படி என்னைத்தான் கூப்பிடுகிறாள். எடுத்தவுடன் ஹலோ கிடையாது, அப்பா கிடையாது. என் குரலைப் போலவே குரலைத் தணித்துக்கொண்டு, "அன்பு உள்ளங்களே, முகம் பார்க்க விரும்புவோர் வரிசையாக முன் வரலாம்" என்பாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன் வருவேன். 'இறுதியாக' என்பதை மட்டும் அவள் விட்டுவிடுகிறாள்.

இது இருளப்பனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்வதாகவும் இல்லை.